கண்ணாடி அறைக்கு எந்தக் கூரை? வாசகர் கேள்வி – பதில்

வீட்டை ஒட்டிக் கட்டும் கண்ணாடி அறையை, அதாவது கன்சர்வேட்டரியை, பற்றிப் போன இதழில் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: கூரை. எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியாது என்பதால், ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டுப் பின்பக்கம் இருக்கும் கண்ணாடி அறை எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் கட்டியது, இருபது வருஷம் ஆகியிருக்கும். கூரை பாலிகார்பனேட் ஷீட், அதாவது உள்ளே குழல் குழலாக இருக்கும் பிளாஸ்டிக் தகடு. மஞ்சள் பூத்து, பாசி ஏறி, ஷீட்டின் குழல்களுக்குள் எறும்பு குடித்தனம் நடத்துகிறது. வெயில் காலத்தில் அடுப்பு, குளிர் காலத்தில் ஐஸ் பெட்டி. மூன்று காண்ட்ராக்டர்களைக் கூப்பிட்டுக் காட்டினோம். ஒருவர் கண்ணாடி என்கிறார், ஒருவர் ஓடு என்கிறார், இன்னொருவர் புது ஷீட்டே போதும் என்கிறார். என் வீட்டுக்காரர் ஓட்டுக் கட்சி, நான் வெளிச்சக் கட்சி. நீங்களே தீர்த்து வையுங்கள்.

பதில்: அந்த மூன்று பேரும் அவரவர் கடைச் சரக்கைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள் அம்மா. "அந்த அறையில் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று ஒருவராவது கேட்டாரா? செடி வளர்க்கவா, சாப்பாட்டு மேஜை போடவா, பகல் முழுக்க உட்கார்ந்து கணினியில் வேலை பார்க்கவா? அது தெரியாமல் கூரையைச் சொல்வது, ஆளைப் பார்க்காமல் சட்டை தைப்பது மாதிரி.

சரி, கணக்குக்கு வருவோம். உங்கள் அறை 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாய்வையும் சேர்த்தால் கூரை சுமார் 13 சதுர மீட்டர். வெப்பம் எவ்வளவு வேகமாகக் கசிகிறது என்பதற்கு யூ-மதிப்பு என்று ஓர் அளவு உண்டு: ஒரு சதுர மீட்டர் வழியாக, உள்ளுக்கும் வெளிக்கும் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் எத்தனை வாட் போகிறது என்பது. குறைய குறைய நல்லது. பழைய 10 மில்லிமீட்டர் ஷீட்டுக்கு இது ஏறத்தாழ 3. இப்போது கிடைக்கும் 25 மில்லிமீட்டர் பல அடுக்கு ஷீட்டுக்கு 1.6 அளவில் இருக்கும். வெப்பம் தடுக்கும் பூச்சும் இடையில் ஆர்கான் வாயுவும் கொண்ட இரட்டைக் கண்ணாடிக்கு 1.2 பக்கம். நல்ல வெப்பத்தடுப்புப் பலகை வைத்து மேலே ஓடு போட்ட கெட்டிக் கூரைக்கு 0.18. கண்ணாடிக்குச் சொல்லும் எண் பெரும்பாலும் நிமிர்த்தி வைத்து அளந்தது, சாய்த்துப் போட்டால் நடுவில் இருக்கும் வாயு அதிகமாகச் சுழன்று கொஞ்சம் மோசமாகும் என்பதையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

வெளியே குளிர், உள்ளே 15 டிகிரி கூடுதல் என்றால் உங்கள் பழைய ஷீட் வழியாக 585 வாட் ஓடுகிறது. கெட்டிக் கூரை போட்டால் 35 வாட். உங்கள் வீட்டுக்காரர் இப்போது மீசையை முறுக்குவார், கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். மூன்று பக்கச் சுவரும் கண்ணாடிதானே? அது 15 சதுர மீட்டர், பழைய இரட்டைக் கண்ணாடி, யூ-மதிப்பு 2.8 என்றால் அதன் வழியாக மட்டும் 630 வாட் போகிறது. ஓடு போட்ட மறுநாளும் அது அப்படியேதான் போகும். அதனால் "ஓடு போட்டால் வீட்டுக்குள் இருக்கிற அறை மாதிரி ஆகிவிடும்" என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள். குளிரில் பாதி தொல்லை தீரும், மீதிப் பாதி சுவரில் இருக்கிறது.

வெயிலுக்குக் கதையே வேறு. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் மேல் 800 வாட் விழுந்தால், 13 சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோவாட்டுக்கு மேல். அதில் அறுபது சதவீதம் உள்ளே இறங்கினால், அறைக்குள் ஆறு இஸ்திரிப் பெட்டிகளை எரியவிட்டுக் கதவைச் சாத்தியது போல. வெயிலைத் திருப்பியடிக்கும் பூச்சுள்ள கண்ணாடி இதை மூன்று, மூன்றரைப் பெட்டியாகக் குறைக்கும். கெட்டிக் கூரை கிட்டத்தட்ட முழுசாக நிறுத்திவிடும், ஆனால் மாலையில் மேற்கே சாய்கிற வெயில் பக்கக் கண்ணாடி வழியாக நுழைவதை எந்தக் கூரையாலும் தடுக்க முடியாது.

இனி எடை. இதைத்தான் எல்லோரும் கடைசியில் யோசிக்கிறார்கள், நான் முதலில் யோசிப்பேன். 25 மில்லிமீட்டர் ஷீட் சதுர மீட்டருக்கு மூன்றரைக் கிலோ, மொத்தக் கூரைக்கும் ஐம்பது கிலோவுக்குள் முடிந்துவிடும். கண்ணாடிக்கு எளிய வாய்ப்பாடு உண்டு: ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ. நான்கும் நான்கும் எட்டு மில்லிமீட்டர் என்றால் 20 கிலோ, உங்கள் கூரைக்கு 260 கிலோ. மரச்சட்டம், பலகை, கான்கிரீட் ஓடு எல்லாம் சேர்ந்தால் முக்கால் டன்னைத் தாண்டும். இதையெல்லாம் தாங்கப் போவது யார்? ஷீட்டை நம்பிக் கட்டிய அந்த யுபிவிசி பிளாஸ்டிக் ஜன்னல் சட்டங்கள். அவை ஜன்னல்கள்தான், தூண்கள் இல்லை. மூலைகளில் உள்ளே இரும்பு இருக்கிறதா, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று பார்க்காமல் ஓடு ஏற்றினால், ஒரு வருஷத்தில் கதவு தேய்க்கும், அப்புறம் திறக்காது. சுவரோரம் ஒரு சிறு குழி தோண்டினால் அஸ்திவாரம் தெரிந்துவிடும். அரை நாள் வேலை. இதைச் செய்யாமல் விலை சொல்கிற காண்ட்ராக்டரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஓடு வேண்டும், அஸ்திவாரம் சுமார் என்றால் நடுவழியும் இருக்கிறது. ஓடு மாதிரி அச்சடித்த உலோகத் தகடுகள் சதுர மீட்டருக்கு ஏழெட்டுக் கிலோதான். அடியில் சட்டமும் வெப்பத்தடுப்பும் சேர்ந்தாலும் கான்கிரீட் ஓட்டுக் கூரையில் பாதி எடைக்குள் அடங்கும்.

உங்கள் கட்சிக்கும் ஒரு வார்த்தை. கெட்டிக் கூரை போட்டால் கண்ணாடி அறை இருட்டாகாது, பக்கமெல்லாம் கண்ணாடி. இருட்டாகப் போவது அதற்குப் பின்னால் இருக்கும் சமையலறையோ கூடமோதான், ஏனென்றால் அதற்கு இதுவரை வெளிச்சம் வந்தது இந்தக் கூரை வழியாக. இதைத் தெரிந்துகொள்ள இன்ஜினியர் வேண்டாம். கூரைக்கு அடியில் குறுக்கே கயிறு கட்டி, வீட்டில் இருக்கும் கனமான போர்வைகளை நெருக்கமாகப் போட்டு, ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாளும் அப்படியே விடுங்கள். பகலில் சமையலறை விளக்கைப் போட வேண்டி வந்தால் உங்கள் பக்கம் நியாயம். வராவிட்டால் அவர் ஜெயித்தார்.

நானாக இருந்தால், சட்டமும் அஸ்திவாரமும் தாங்கும் பட்சத்தில், உலோகத் தகட்டுக் கூரை போட்டு, வீட்டுச் சுவரை ஒட்டிய பக்கத்தில் இரண்டு கண்ணாடிப் பட்டைகள் வைப்பேன், ஒன்றாவது திறந்து மூடுகிற மாதிரி. சூடான காற்று மேலே ஏறி அங்கேதான் தேங்கும், அதற்கு ஒரு வழி விட வேண்டும். சட்டம் தாங்காது என்றால் தயங்காமல் நல்ல 25 மில்லிமீட்டர் ஷீட். அதில் ஒரு அவமானமும் இல்லை. பத்துப் பதினைந்து வருஷம் உழைக்கும், அதற்குள் அந்த அறையை இடித்துவிட்டு நிஜ அறையே கட்டலாமா என்று உங்களுக்கே தெளிந்துவிடும்.

ஒன்று விட்டுப்போச்சு. ஒளி புகும் கூரையை எடுத்துவிட்டுக் கெட்டிக் கூரை போடுவதைச் சில நாடுகளில் புது அறை கட்டுவதாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அனுமதி விஷயத்தை வேலை தொடங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பழைய ஷீட்டைத் தொடவே வேண்டாம், அடியில் வெப்பத்தடுப்புப் பலகையை முடுக்கி, அதற்குக் கீழே ஜிப்சம் சீலிங் போட்டுத் தருகிறேன், இரண்டே நாள், செலவும் கால்வாசி என்கிறார் ஒருவர். செய்யலாமா சார்?

பதில்: வேண்டாம் தம்பி. அப்படியே செய்தால் வேண்டவே வேண்டாம்.

அறைக்குள் இருக்கும் ஈரக் காற்று சீலிங் இடுக்கு வழியாக மேலே போகும். அங்கே குளிர்ந்த ஷீட்டின் அடிப்பக்கத்தில் பட்டதும் நீராக மாறும். முன்பெல்லாம் கூரை வியர்த்தால் உங்கள் கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடுவீர்கள். இப்போது அது சீலிங்குக்கு மேலே ஒளிந்து வியர்க்கும். முதல் வருஷம் ஒன்றும் தெரியாது. இரண்டாம் வருஷம் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை. அப்புறம் சீலிங்கைப் பிரித்துப் பார்த்தால் சட்டம் ஊறிப்போயிருக்கும். நானே என் ஆரம்ப காலத்தில் ஒரு உறவினர் வீட்டில் இதே வேலையைச் செய்து கொடுத்து, இரண்டு வருஷம் கழித்து என் கையாலேயே பிரித்தெடுத்திருக்கிறேன். சொந்தக்காரர் கல்யாண வீடுகளில் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

செய்தே ஆக வேண்டும் என்றால் ஒழுங்காகச் செய்யுங்கள். ஷீட்டுக்கும் வெப்பத்தடுப்புக்கும் நடுவே ஐந்து சென்டிமீட்டர் காற்றோட்ட இடைவெளி, அது கூரை விளிம்பிலும் முகட்டிலும் வெளியே திறந்திருக்க வேண்டும். வெப்பத்தடுப்புக்கு அறைப் பக்கமாக நீராவி புகாத தாள், எல்லா ஒட்டும் டேப் போட்டு மூடியிருக்க வேண்டும். விளக்குக்கு அந்தத் தாளில் ஓட்டை போடக்கூடாது. இத்தனையும் செய்தால் இரண்டு நாளில் முடியாது, செலவும் கால்வாசியில் நிற்காது. அதோடு மேலே இருப்பது அதே பழைய ஷீட்தான், அது ஒழுகினால்? ஆகவே அந்தப் பணத்தை எடுத்துவைத்துக் கூரையையே மாற்றுங்கள்.

கேள்வி: எங்கள் கூரை இப்போது நடுவில் முகடு வைத்து, முன்னால் முக்கோண முகப்போடு இருக்கிறது. அதை ஒருபக்கச் சாய்ப்பாக மாற்றினால் செலவு குறையும் என்கிறார்கள். வடிவத்தை மாற்றலாமா? மேலே மாடி ஜன்னல் இருக்கிறது.

பதில்: உங்களுக்குத் தீர்ப்பு சொல்லப் போவது அந்த மாடி ஜன்னல்தான். ஒரு டேப்பை எடுத்து, கூரையின் தாழ்ந்த விளிம்பு மட்டத்திலிருந்து ஜன்னலின் அடி வரை எவ்வளவு உயரம் என்று அளந்துகொள்ளுங்கள். அறை வீட்டிலிருந்து 3 மீட்டர் வெளியே நீண்டிருந்தால், ஒருபக்கச் சாய்ப்புக்கு 5 டிகிரி சரிவு வைத்தால் 26 சென்டிமீட்டர் எழும்பும். 15 டிகிரிக்கு 80 சென்டிமீட்டர். 25 டிகிரிக்கு 1.4 மீட்டர், அது பெரும்பாலும் ஜன்னலில் போய் முட்டும்.

ஷீட்டையும் கண்ணாடியையும் குறைந்த சரிவில் போடலாம், ஆனால் 5 டிகிரியில் தண்ணீர் சோம்பேறித்தனமாக ஓடும், இலையும் அழுக்கும் அங்கேயே படுத்துக்கொள்ளும். இடம் இருந்தால் 10, 15 என்று ஏற்றுங்கள். ஓடு என்றால் ஓட்டுக்கு ஓடு விதி வேறு: சின்னத் தட்டை ஓடுகளுக்கு 35 டிகிரி தேவை, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் பெரிய ஓடுகளுக்கு இருபதை ஒட்டி. தயாரிப்பவர் எழுதிக் கொடுத்திருக்கும் குறைந்தபட்சச் சரிவுக்குக் கீழே போட்டுவிட்டு அப்புறம் ஒழுகுகிறது என்று அழக்கூடாது.

முக்கோண முகப்பு பார்க்க லட்சணம், உள்ளே உயரமும் கிடைக்கும். ஆனால் இரண்டு சாய்வும் பக்கச் சுவர்களை வெளியே தள்ளப் பார்க்கும், அதைப் பிடித்து நிறுத்தத்தான் நடுவில் குறுக்குக் கம்பி. எடையான கூரைக்கு மாறும்போது "அந்தக் கம்பி அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் இன்ஜினியர் கையெழுத்து இல்லாமல் சம்மதிக்காதீர்கள். முகப்பிலும் சாய்வு வைத்து மூன்று பக்கமும் இறக்கிக் கட்டினால் காற்று மோதுவது குறையும், காற்று பலமாக அடிக்கும் திறந்த இடத்துக்கு அது நல்லது. ஆனால் மூலைச் சாய்வுகளில் ஷீட்டையும் கண்ணாடியையும் கோணலாக வெட்ட வேண்டும், வீணாவதும் அதிகம், ஒழுக வாய்ப்புள்ள ஒட்டுகளும் அதிகம்.

மொத்தத்தில் சாய்ப்பாக மாற்றினால் கூரைச் செலவு குறையும்தான், முகப்பில் உள்ள முக்கோணக் கண்ணாடியை எடுத்துவிட்டு அங்கே சட்டத்தைச் சமன் செய்யும் செலவை அவர்கள் கணக்கில் சேர்த்தார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் சேர்த்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: கண்ணாடிக் கூரைதான் என்று முடிவு செய்துவிட்டோம். நிறம் போட்ட கண்ணாடி வாங்கினால் சூடு குறையுமா? உடைந்து தலையில் விழாதா?

பதில்: நிறம் போட்டுச் சமாளிக்கும் யோசனை பழசு. லண்டன் கியூ தோட்டத்தில் 1848-ல் கட்டி முடித்த பனைமர மாளிகைக்கு, வெயிலில் செடி கருகாமல் இருக்கப் பச்சை நிறக் கண்ணாடியைத்தான் முதலில் போட்டார்கள். 1851-ல் லண்டன் கண்காட்சிக்கு ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்த கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி மாளிகையில் கூரைக்கு வெளியே துணி விரித்து நிழல் கொடுத்தார்கள். இந்த இரண்டில் எனக்குப் பிடித்தது துணிதான். நிறக் கண்ணாடி வெயிலைக் குடித்துத் தானே சூடாகி, அதில் ஒரு பகுதியை உள்ளே கக்கும். வெளியே விரித்த துணியோ வெயிலைக் கண்ணாடிக்கு வரும் முன்பே நிறுத்திவிடும். உள்ளே தொங்கவிடும் திரை அதில் பாதி வேலைகூடச் செய்யாது, சூடு ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டதே.

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். "வெயில் வெப்பத்தில் எத்தனை சதவீதம் உள்ளே விடும்?" என்று கேளுங்கள். சாதாரண இரட்டைக் கண்ணாடி எழுபதுக்கு மேல் விடும், நல்ல பூச்சுள்ளது முப்பத்தைந்து பக்கம். அடர் நீலம் அழகுதான், ஆனால் மேகமூட்டமான நாளில் அறையே மீன்தொட்டிக்குள் இருப்பது போல ஆகிவிடும்.

உடைவது பற்றி: டஃபண்ட், அதாவது சூடேற்றிப் பலப்படுத்திய கண்ணாடி உடைந்தால் சின்னச் சின்னக் கட்டிகளாக உதிரும். அரிதாக, உள்ளே சிக்கிய நிக்கல் சல்பைடு துகளால், யாரும் தொடாமலேயே வெடிப்பதும் உண்டு. அதனால் கீழ்ப்பக்கக் கண்ணாடி, அதாவது உங்கள் தலைக்கு மேல் இருப்பது, லேமினேட்டட் ஆக இருக்கட்டும். நடுவில் ஒட்டிய பிளாஸ்டிக் படலம் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கேள்வி: மழை பெய்தால் ஷீட் போடும் சத்தத்தில் போனில்கூடப் பேச முடியவில்லை. தடிமனான ஷீட் போட்டால் அடங்குமா?

பதில்: கொஞ்சம் அடங்கும், உங்களுக்குப் போதாது. 25 மில்லிமீட்டர் என்றாலும் உள்ளே எல்லாம் காற்றுதான், மத்தளம் பெரிதானால் சத்தம் போய்விடுமா? சத்தத்தை அடக்குவது எடை. கண்ணாடி பரவாயில்லை, கெட்டிக் கூரைதான் உண்மையான நிவாரணம்.

கேள்வி: புது பாலிகார்பனேட் ஷீட்டை நாங்களே மாற்ற நினைக்கிறோம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: ஷீட்டின் ஒரு பக்கத்தில்தான் பெரும்பாலும் புற ஊதாக் கதிர்ப் பாதுகாப்பு இருக்கும், அது வானத்தைப் பார்க்க வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளில் எழுதியிருப்பார்கள், அதைக் கிழித்துப் போட்டுவிட்டு அப்புறம் "எது மேல், எது கீழ்" என்று விழிக்காதீர்கள். குழல்கள் சரிவு வாக்கில் ஓட வேண்டும். மேல் முனையை அலுமினிய டேப்பால் முழுசாக மூடுங்கள், கீழ் முனைக்கு மூச்சுவிடும் துளை டேப். இரண்டு பக்கமும் இறுக்கி அடைத்தால் உள்ளே சேரும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் பாசி பிடிக்கும். 3 மீட்டர் ஷீட் 40 டிகிரி சூட்டு மாற்றத்துக்கு கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் நீளும், அந்த இடத்தை விட்டு வெட்டுங்கள், திருகுகிற ஓட்டையையும் பெரிதாகப் போடுங்கள். ஷீட்டின் மேல் காலை வைக்காதீர்கள், பலகை போட்டு அதன் மேல் நில்லுங்கள். காற்று அடிக்கும் நாளில் வேலையே வேண்டாம், அவ்வளவு பெரிய ஷீட் உங்களையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகும்.

கேள்வி: வீட்டுச் சுவரும் கண்ணாடி அறையும் சேருமிடத்தில் ஒழுகுகிறது. கூரை முழுவதையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: கூரையை மாற்றும் முன் ஒரு தண்ணீர்க் குழாயும் ஓர் ஆளும் போதும். மழை இல்லாத நாளில் ஒருவர் உள்ளே டார்ச்சோடு நிற்கட்டும், இன்னொருவர் வெளியே குழாயோடு. கீழ் விளிம்பில் தொடங்கி, ஒவ்வொரு பகுதியிலும் பத்து நிமிஷம் தண்ணீர் விட்டு, மெல்ல மேலே ஏறுங்கள். மேலே இருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து எது ஓட்டை என்றே தெரியாது. கூரை மேல் விடும்போது ஒழுகாமல், சுவருக்கு மேலே விட்டால் மட்டும் ஒழுகினால் குற்றவாளி கூரை இல்லை, சுவருக்குள் செருகியிருக்கும் ஈயத் தகடோ அதற்கு மேலே உள்ள சுவர்ப்பூச்சோதான். அதைப் பிரித்து, சுவரில் காடி வெட்டிப் புதுத் தகடு செருகிப் பூசினால் முடிந்தது. சிலிக்கோன் பூசிச் சமாளிக்க வேண்டாம், இரண்டு வெயிலில் உரிந்துவிடும். கீழ் விளிம்பிலேயே ஒழுகினால் மழைநீர்க் கால்வாயில் இலை அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், போன மாதம் ஒருவர் புதுக் கூரைக்கு முன்பணம் கொடுத்த பிறகுதான் அதில் ஒரு குருவிக் கூடு இருந்ததைக் கண்டுபிடித்தார்.